பழைய ரவுட்டரும் புதிய சான்றிதழும்: நாஞ்சில் நாட்டில் ஹோம் லேபின் வரலாறு

கணினி வலையமைப்புத் தொழிலில் நுழைவோருக்கான தொடக்கநிலைத் தேர்வுகளுள் பரவலாக அறியப்பட்ட சிசிஎன்ஏ 1998-இல் அறிமுகமானது. அத்தேர்வுக்குப் படிப்பவர்கள் குறைந்த செலவில் தம் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் சிறு பயிற்சிக்கூடமான ‘ஹோம் லேப்’ என்னும் வழக்கத்துக்கும் ஏறத்தாழ அதே வயதுதான் ஆகிறது. ஒரு மாவட்டத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர் நெல்லையும் தென்னையையும் ரப்பரையும் மீன்பிடியையும் விரித்துரைப்பார்களே தவிர, வேலை தேடும் இளைஞர் தம் வீட்டு மேசைமேல் பழகிய கருவிகளைக் கணக்கில் கொள்வதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டின் முதலிடத்தில் நின்ற இம்மாவட்டத்தில், கற்றவர் தொகைக்கு ஈடான பெருந்தொழிற்சாலைகளோ அலுவலகங்களோ தோன்றவில்லை. ஆகவே தொலைவில் இருக்கும் ஓர் இயந்திரத்துக்காக உள்ளூரில் ஆயத்தமாவது இங்கு நெடுங்காலப் பழக்கமாகிவிட்டது. நாஞ்சில் நாடு என்ற பெயர் வழக்கில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே குறிக்கும் என்றாலும், கல்குளமும் விளவங்கோடும் இவ்வகையில் அவற்றிலிருந்து வேறுபட்டவை அல்ல.

இப்பழக்கத்தின் வேர் பழையது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1809-இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளியிலிருந்தே பிற்காலத்து ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. அதே சங்கத்தைச் சேர்ந்த மீட் 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் அச்சகம் நிறுவினார். மால்ட் குடும்பத்தார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தனர். ஐரோப்பியச் சந்தைக்கான லேஸை அங்கு கால் வைத்திராத கைகள் பின்னின என்பது அக்காலத்திலேயே இவ்வூரின் நிலையைக் காட்டிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைத் தட்டச்சுப் பயிலகங்கள் எடுத்துக்கொண்டன. தட்டச்சு இயந்திரத்தைச் சொந்தமாக வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் மாதக் கட்டணம் செலுத்தி நாள்தோறும் ஒரு மணி நேரம் அதன்முன் அமர்ந்து பழகி, நிமிடத்துக்கு 30 சொல் என்ற ‘லோயர்’ தேர்வையும் 45 சொல் என்ற ‘ஹையர்’ தேர்வையும் எழுதி, சான்றிதழோடு பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலேறினர். இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெற்றுப் பழகுவது, அரசோ நிறுவனமோ நடத்தும் தேர்வால் அப்பழக்கத்துக்கு மதிப்புப் பெறுவது, அம்மதிப்பை வேற்றூரில் மாற்றிக்கொள்வது என்ற மூன்று படிகளும் வலையமைப்புப் படிப்புக்கு அப்படியே கடத்தப்பட்டன.

கடத்தியவர் உள்ளூரார் அல்லர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லெனர்ட் போசாக், சாண்டி லெர்னர் இருவரும் 1984-இல் தொடங்கிய சிஸ்கோ நிறுவனம், ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தரவுப் பொட்டலங்களை வழி தேர்ந்து அனுப்பும் ரவுட்டர் என்ற கருவியை விற்றது. அதை இயக்கத் தெரிந்தவர்கள் போதாமையால் 1993-இல் சிசிஐஇ என்ற உயர்நிலைத் தேர்வை ஏற்படுத்தியது. அத்தேர்வின் இன்றியமையாப் பகுதி, தேர்வர் உண்மையான கருவிகளின் முன் அமர்ந்து செய்துகாட்டும் செயல்முறைச் சோதனையாகும். முதல் எண்ணான 1024 எந்த மனிதருக்கும் தரப்படாமல் அந்தச் சோதனைக் கூடத்துக்கே சூட்டப்பட்டது என்பது அத்தொழில் தன் லேபை எவ்வளவு மதித்தது என்பதற்குச் சான்று. 1998-இல் வந்த சிசிஎன்ஏ இதன் அடிப்படி. மறு ஆண்டில் காம்ப்டியா அமைப்பு எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத நெட்வொர்க் பிளஸ் தேர்வை வெளியிட்டது. சிசிஎன்ஏ தேர்வு கணினித் திரையில் விடை தெரிவு செய்யும் வகையினதே எனினும், கட்டளைகளைத் தட்டெழுதிச் சிக்கலைத் தீர்க்கும்படி கேட்கும் வினாக்கள் பின்னர் அதில் புகுந்தன. புத்தகம் மட்டும் படித்துத் தேறும் வழி அத்துடன் குறுகியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது; தனியார் இணையச் சேவையாளருக்கு 1998-இல் வழி திறந்தது. நாகர்கோவிலிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள திருவனந்தபுரத்தில் 1990-இலேயே டெக்னோபார்க் நிறுவப்பட்டிருந்தது. 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதையும், இரண்டாண்டு கழித்துத் திருநெல்வேலி வழியும் திறந்தபின், வடக்கேயும் மேற்கேயும் வேலை தேடிச் செல்வது எளிதாகியிருந்தது. வளைகுடா நாடுகளோ அதற்கு முன்பே குமரி மாவட்டத்து வீடுகளில் அன்றாடப் பேச்சாகிவிட்டன. அங்குள்ள வேலை விளம்பரங்கள் பட்டத்தோடு சான்றிதழையும் கேட்கத் தொடங்கியபோது, அச்செய்தி விமானத்தில் வந்தவர் வழியே ஊருக்குள் பரவியது.

பட்டம் இங்கு தட்டுப்பாடாக இல்லை. குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரி 1989-இலும், தோவாளையில் சி.எஸ்.ஐ. தொழில்நுட்பக் கழகம் 1995-இலும், சுங்கான்கடையில் புனித சவேரியார் கத்தோலிக்கப் பொறியியல் கல்லூரி 1998-இலும் தொடங்கின; கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் இருந்தன. ஆனால் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் வலையமைப்பு ஆய்வகம் என்பது பெரும்பாலும் சி மொழியில் இரு நிரல்களைப் பேசவைக்கும் சாக்கெட் பயிற்சியாகவும், பின்னாளில் என்எஸ்-2 என்ற ஆராய்ச்சிப் பாவனைக் கருவியாகவும் அமைந்தது. இரண்டும் தம்மளவில் தரமான பயிற்சிகளே. எனினும் ரவுட்டரின் கட்டளைத் திரையில் ஒரு முகவரியைப் பதிக்கவோ, சுவிட்ச் எனப்படும் இணைப்புப் பெட்டியின் துறைகளைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கவோ அவை கற்றுத்தரவில்லை. பட்டத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தில்தான் தனியார் பயிற்சி மையங்களும், அவற்றின் கட்டணம் எட்டாதபோது ஹோம் லேபும் முளைத்தன. பாடத்திட்டம் வகுத்தோரைக் குறைகூறுவது எளிது; ஆனால் ஒரே நிறுவனத்தின் கட்டளைமொழியைப் பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

தொடக்கக் கால ஹோம் லேப் முழுக்க இரும்பாலானது. உலகெங்கும் அதன் நடுநாயகமாக விளங்கியது சிஸ்கோவின் 2500 வரிசை, அதிலும் குறிப்பாக 2501 என்ற ரவுட்டர். மோட்டரோலா 68030 செயலியைக் கொண்ட இப்பெட்டியில் ஓர் ஈதர்நெட் துறையும் இரண்டு சீரியல் துறைகளும் இருந்தன. ஈதர்நெட் துறை பின்னாளைய ஆர்ஜே-45 வடிவில் இல்லாமல், 15 முனைகள் கொண்ட ஏயுஐ என்ற பழைய வடிவில் இருந்தமையால், அதைச் சாதாரணக் கேபிளுடன் சேர்க்க டிரான்சீவர் என்ற சிறு இடைக்கருவி தேவைப்பட்டது. விவரம் அறியாமல் ரவுட்டரை மட்டும் வாங்கியவர்கள் அதன்பின் டிரான்சீவரைத் தேடி அலைய நேர்ந்தது. சீரியல் துறைகள் 60 முனைகள் கொண்டவை. அவற்றுக்கான கேபிள் சாதாரணக் கணினிக் கடையில் கிடைக்காது.

சீரியல் துறைதான் பாடத்தின் உயிர். வெவ்வேறு ஊர்களில் உள்ள இரண்டு அலுவலகங்களை இணைக்கும்போது, இடையே தொலைபேசி நிறுவனத்தின் வாடகைக் கம்பி செல்லும். எந்த நொடியில் எந்தத் துடிப்பை அனுப்புவது என்ற கடிகாரத் தாளத்தை அந்த நிறுவனத்தின் கருவி இரு பக்கத்துக்கும் வழங்கும். வீட்டில் தொலைபேசி நிறுவனம் இல்லை. ஆகவே இரு ரவுட்டர்களை ஒரே கேபிளால் நேருக்கு நேர் பிணைத்து, கேபிளின் ஒரு முனையைத் தாளம் வழங்கும் டிசிஇ முனையாகவும், மறுமுனையைத் தாளம் பெறும் டிடிஇ முனையாகவும் வைத்து, டிசிஇ பக்கத்து ரவுட்டரில் ‘கிளாக் ரேட் 64000’ என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பெட்டி நொடிக்கு 64,000 பிட் வேகத்தில் தொலைபேசி நிறுவனத்தின் வேடத்தை ஏற்றுக்கொள்ளும். மேசையின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் இடையிலுள்ள மூன்றடிக் கம்பி நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் இடையிலான கம்பியாகக் கருதப்பட்டது. சிறுவர் விளையாட்டைப் போலத் தோன்றும் இக்கற்பனையின் மேல்தான், எந்தப் பொட்டலம் எந்த வழியில் செல்ல வேண்டும் என்று ரவுட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறி முடிவுசெய்யும் ரிப், ஓஎஸ்பிஎஃப் முதலிய வழிகாட்டு நெறிமுறைகள் பழகப்பட்டன. மூன்று ரவுட்டர்கள் இருந்தால் ஒரு வழி அறுந்தபோது மறுவழியில் பொட்டலம் திரும்புவதைக் கண்ணால் காணலாம். இரண்டே இருந்தால் அந்தப் பாடம் புத்தகத்திலேயே நின்றுவிடும். மூன்று ரவுட்டர், இரண்டு சுவிட்ச் என்ற அளவு பயிலுநரிடையே நிலைபெற்றதற்குக் காரணம் இதுவே.

பழைய கருவி முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லுடனே வந்து சேர்வதுண்டு. மின்விசையைத் தட்டிய முதல் நிமிடத்துக்குள், கணினியை ரவுட்டரின் கன்சோல் துறையுடன் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பிணைத்த திரையில் பிரேக் விசையை அழுத்தி இயக்கத்தை இடைநிறுத்தி, தொடக்கப் பதிவேட்டின் மதிப்பை வழக்கமான 2102-இலிருந்து 2142-ஆக மாற்றி மீண்டும் தொடங்கினால், பெட்டி தன் சேமித்த அமைப்பைப் படிக்காமல் வெறுமையாக எழும்; பழைய கடவுச்சொல்லும் அத்துடன் செயலற்றுப்போகும். தேர்வுப் புத்தகத்தில் இது பிற்பகுதி அத்தியாயம். பழைய பெட்டி வாங்கியவருக்கோ இதுவே முதற்பாடம். புத்தகம் வகுத்த வரிசையைக் கருவி இவ்வாறு கலைத்துப்போட்டது தீமையாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது.

கருவிகள் கிடைத்த வழியும் கவனத்துக்குரியது. 2000-2001-இல் அமெரிக்க இணைய நிறுவனங்கள் பல சரிந்தபோது, அவற்றின் ரவுட்டர்களும் சுவிட்சுகளும் உலகச் சந்தையில் அடிமாட்டு விலைக்குக் குவிந்தன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுப் பொருள்களுக்குப் பேர்பெற்றதாக ஏற்கெனவே இருந்தது. பெங்களூர், மும்பை அலுவலகங்கள் கழித்த கருவிகளும் இத்தகைய சந்தைகள் வழியே கைமாறின. தாலமியின் நிலநூலில் இடம்பெறும் அளவுக்குப் பழைய வணிகச் சந்தையான கோட்டாறு பக்கத்திலேயே இருந்தும், இந்தச் சரக்குக்கு நாஞ்சில் நாட்டில் அங்காடி ஏதும் உருவாகவில்லை. பார்சல் சர்வீஸில் பெட்டியை வரவழைப்பவர், பழுதாயிருந்தால் திருப்பியனுப்பும் செலவையும் தாமே சுமக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டியிருந்தது. தேர்வுப் பாடத்தில் அந்நாளில் இடம்பெற்ற ஐஎஸ்டிஎன் என்ற தொலைபேசித் தொழில்நுட்பத்தைப் பழக வேண்டுமானால், தொலைபேசி நிலையத்தைப் போல நடிக்கும் தனிப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. அதன் விலை மற்றக் கருவிகள் அனைத்தின் விலையையும் விஞ்சக்கூடியது. பெரும்பாலோர் அப்பகுதியை மனப்பாடம் செய்தே கடந்தனர்.

மின்சாரமும் ஓர் ஆசிரியராக வந்து சேர்ந்தது. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் தவித்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாத காலமும் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று சுழன்றுகொண்டிருந்த மாவட்டமும் இதற்கு விலக்கில்லை. காற்றுக் காலம் முடிந்ததும் பற்றாக்குறை கூடியது. ரவுட்டரில் தட்டெழுதும் கட்டளைகள் உடனுக்குடன் நடைமுறைக்கு வந்தாலும், அவை தற்காலிக நினைவகத்திலேயே நிற்கும். சேமிக்கும்படி தனிக் கட்டளை கொடுத்தால்தான் மின்சாரம் போனபின்னும் அழியாத நினைவகத்துக்குச் செல்லும். ஒரு மாலை முழுதும் கட்டிய வலையமைப்பு மின்வெட்டில் மறைந்துபோவதைக் கண்டவர், சேமிக்கும் கட்டளையைக் கை தானாகவே அடிக்கும்படி பழகிக்கொண்டார். பெருநகரத் தரவு மையங்களில் யுபிஎஸ் பாதுகாப்பில் கற்றவர்க்கு இந்தப் பயிற்சி இவ்வளவு கண்டிப்பாக வாய்த்திராது.

இரும்பு லேபின் காலத்தை முடித்துவைத்தவர் பிரான்சின் கிறிஸ்தோஃப் ஃபியோ. 2005 ஆகஸ்டில் அவர் எழுதத் தொடங்கிய டைனமிப்ஸ் என்ற இலவச நிரல், சிஸ்கோ 7200 ரவுட்டரின் செயலியைச் சாதாரணக் கணினிக்குள் அப்படியே நிகழ்த்திக்காட்டி, அந்நிறுவனத்தின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் உண்மைப் பெட்டியில் ஓடுவதாகவே எண்ணி இயங்கும்படி செய்தது. பின்னர் 3600, 2600 முதலிய வரிசைகளும் சேர்ந்தன. ஹோம் லேபின் செல்லப்பிள்ளையான 2500 மட்டும் அதன் மோட்டரோலா செயலி காரணமாக இப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஜெரமி கிராஸ்மன் உருவாக்கிய ஜிஎன்எஸ்3, இதே நிரலுக்குப் படம் வரைந்து கம்பி இழுக்கும் முகப்பைத் தந்தது. ஒரு ரவுட்டர் வேலையின்றி இருக்கும்போதும் கணினியின் செயலியை முழுதாக விழுங்கிவிடும் குறையை, ‘ஐடில் பிசி’ என்ற எண்ணைக் கண்டறிந்து பதிப்பதால் தணிக்க முடிந்தது. ஒரே ஐஓஎஸ் கோப்பைப் பல ரவுட்டர்கள் பகிர்ந்துகொள்வதால் நினைவகமும் மிச்சமாயிற்று.

இம்மாற்றம் ஊருக்குள் வருவதற்கு இரண்டு பொதுத்துறை நிகழ்வுகள் உதவின. 2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் அறிமுகப்படுத்திய அகலப்பட்டை இணைப்பு, தொலைபேசி இருந்த வீடுகளுக்கு நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தைக் கொண்டுவந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு பயில்வோருக்கும் கல்லூரி மாணவருக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. திருச்சபைகளும் பிற அமைப்புகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த குமரி மாவட்டத்தில் இத்திட்டத்தின் வீச்சு பெரிது. முதற்கட்டக் கணினிகளின் 2 ஜிபி நினைவகம் இன்று அற்பமாகத் தோன்றினாலும், மூன்று நான்கு மென்பொருள் ரவுட்டர்களைத் தாங்க அது போதுமானது. அரசின் நோக்கம் பள்ளிப் பாடமே. எனினும், இரும்பில் மூன்று ரவுட்டர் வாங்கும் வழியில்லாத வீட்டில் மூன்று ரவுட்டரை ஏற்றிவைத்த பெட்டி என்ற வகையில், ஹோம் லேப் வரலாற்றில் அம்மடிக்கணினிக்கு இணையான கருவி வேறொன்று இல்லை. மின்வெட்டின்போதும் அதன் மின்கலம் சில மணி நேரம் தாங்கியது.

இதற்கு ஒரு நிழற்பக்கமும் உண்டு. டைனமிப்ஸ் இலவசம், அதனுள் ஓட வேண்டிய ஐஓஎஸ் கோப்போ சிஸ்கோவின் உரிமைப் பொருள், கருவி வாங்கியவர்க்கு மட்டுமே உரியது. நண்பர் கொடுத்த குறுந்தகட்டிலும் பென்டிரைவிலும் உரிமமின்றிச் சுற்றிய கோப்புகளைக் கொண்டே உலகெங்கும் பலர் படித்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. சட்டத்துக்கு உட்பட்ட எளிய வழி சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் ஆகும். அது உண்மையான ஐஓஎஸ்ஸை ஓட்டாமல், அதன் நடத்தையை ஓரளவு நடித்துக்காட்டும் பாவனை நிரல். 1997-இல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாதெமியின் மாணவர்க்கு மட்டும் முதலில் உரியதாயிருந்து, பின்னர் இலவசப் பதிவு செய்யும் எவர்க்கும் திறக்கப்பட்டது. டைனமிப்ஸால் நிகழ்த்த முடியாத தனிச்சில்லுகளைக் கொண்ட சுவிட்சுகளின் பாடத்துக்கும் இதுவே கைகொடுத்தது. தொடக்கநிலைத் தேர்வுக்கு மட்டும் படிப்பவர்க்கு 2010-களுக்குப் பின் வேறெதுவும் தேவைப்படவில்லை என்றே கூறலாம். பழைய பெட்டிகளுக்குப் பணம் கொட்டுவது அதன்பின் தேவையைவிட ஆசையையே சார்ந்தது.

ஆயினும் திரை கற்றுத்தராதவை சில உண்டு. எட்டுக் கம்பிகளை நிற வரிசை பிசகாமல் அடுக்கி, கிரிம்பிங் டூலில் ஆர்ஜே-45 முனையை அழுத்தி, சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றனவா என்று பார்ப்பது கைத்தொழில். தளர்ந்த முனையும், சுவரோரம் எலி கடித்த கேபிளும் பாக்கெட் டிரேசரில் தோன்றுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் புதியவரிடம் மேலாளர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இவற்றையே. ஆகவே மடிக்கணினியோடு ஒரு கிரிம்பிங் டூல், சில மீட்டர் கேட்-6 கேபிள், இரண்டாங்கை சுவிட்ச் ஒன்று என்ற கலப்பு லேபே செலவுக்கும் பயனுக்கும் பொருந்திய அளவாக அமைந்தது. மடிக்கணினிகளில் பழைய ஒன்பது முனை சீரியல் துறை மறைந்துவிட்டதால், கன்சோல் கேபிளுக்கு யுஎஸ்பி மாற்றி ஒன்றும் இப்பட்டியலில் சேர்ந்தது.

தேர்வும் மாறிக்கொண்டே வந்தது. ஐஎஸ்டிஎன் முன்பே விலக, 2016-இன் திருத்தத்தில் ஃபிரேம் ரிலே என்ற தொலைதூர இணைப்பு முறையும் நீங்கியது. 2020 பிப்ரவரி 24 முதல் நடைமுறைக்கு வந்த 200-301 தேர்வில் கம்பியில்லா இணைப்பு, பாதுகாப்பு, தானியக்கம் ஆகியவை இடம்பிடித்தன. அதே ஆண்டில் கொரோனா முடக்கத்தின்போது, கண்காணிப்புக் கேமராவின் முன் வீட்டிலிருந்தே எழுதும் வாய்ப்பும் வந்தது. லேப் இருந்த மேசையே தேர்வு மையமாகவும் ஆகக்கூடிய நிலை உண்டாயிற்று. அமெரிக்க நாணயத்தில் 300 டாலர் என்று வைக்கப்பட்ட தேர்வுக் கட்டணம் மட்டும் எந்த மென்பொருளாலும் குறையவில்லை. லேபுக்கான செலவு ஏறத்தாழச் சுழியமாகிவிட்ட இக்காலத்தில், குமரி மாவட்டத்துப் பயிலுநரின் பெருஞ்செலவு கருவி அன்று, கட்டணமே.

வேலையின் இடமும் சிறிது நகரத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணிகள் 2022-இல் தொடங்கின. அவற்றுள் குமரி மாவட்டத்தின் 95 ஊராட்சிகளும் அடங்கும். கேபிள் டிவி நடத்தியவர்கள் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு தரத் தொடங்கியதும், சந்தாதாரரைச் சரிபார்த்து வேகத்தைப் பங்கிடும் ரவுட்டர்கள் சிற்றூர்க் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் வந்துவிட்டன. அத்தகைய அறைகளில் லாட்வியா நாட்டு மைக்ரோடிக் போன்ற மலிவான பெட்டிகளே மிகுதி. அவற்றின் கட்டளைமொழி சிஸ்கோவினுடையது அன்று. எனினும் முகவரிகளைச் சிறு கூறுகளாகப் பகுக்கும் சப்நெட்டிங் கணக்கும், வழிகாட்டு அட்டவணையைப் படிக்கும் முறையும், பழுதைக் கேபிளிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காகத் தேடும் ஒழுங்கும் இரண்டிலும் ஒன்றே. வளைகுடாவுக்கென்று மேசைமேல் பழகப்பட்ட படிப்பின் இப்பகுதி, தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஃபைபர் இணைப்பு தருவோரின் அறைகளிலும் செல்லுபடியாகிறது. சம்பளம் மட்டும் இன்னும் துபாய் அளவுக்கு வரவில்லை.